இல்லாத பணத்தில் ஏலம்: கிராமத்து உணவு வங்கியின் பெருந்தொற்றுக் காலம்

[திரையில்: தரையில் கொட்டப்படும் பால். அடுத்து, மேலிருந்து எடுத்த கார் வரிசை.]

2020 ஏப்ரல். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பண்ணைக்காரர்கள் கறந்த பாலை நிலத்தில் கொட்டினார்கள். அதே மாதம் டெக்சாஸின் சான் அந்தோனியோவில், இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு தரும் 'உணவு வங்கி'யின் பெட்டிக்காக ஆயிரக்கணக்கான கார்கள் காத்து நின்றன. கொட்டுகிற அளவுக்கு உணவும் இருந்தது, அதற்கு ஏங்கும் வயிறும் இருந்தது. பிறகு எங்கே அறுந்தது சங்கிலி?

பெரிய காரணம், பொட்டலத்தின் அளவு. பள்ளிகளும் உணவகங்களும் மூட்டைக் கணக்கில் வாங்கும்; அவை ஒரே வாரத்தில் மூடிவிட்டன. மூட்டை கட்டும் ஆலையை வீட்டுக்கான சிறு பொட்டலத்துக்கு ஒரே இரவில் மாற்ற முடியாது. கடைகளிலோ, பதறிய மக்கள் அலமாரியைத் துடைத்துப்போனார்கள். கடைகளில் மிஞ்சியதை நம்பி ஓடிய உணவு வங்கிகளுக்கு மிஞ்சியது வெறும் அட்டைப்பெட்டி.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரே வரி: 1967இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கியதுதான் உலகின் முதல் உணவு வங்கி. போதும், நகர்வோம்.

கிராமத்தில் சிக்கல் இரட்டிப்பு. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும், பஸ் வராது. பல இடங்களில் விநியோக மையம் என்பது ஒரு தேவாலயக் கூடமும் வீட்டு அளவு குளிர்சாதனப் பெட்டியும்தான். பெட்டி அடுக்கும் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள். தொற்று வந்தபோது முதலில் வீட்டுக்குள் இருக்கச் சொன்னதும் அவர்களைத்தான். பல மாநிலங்களில் தேசியக் காவல் படையினர் சீருடையோடு வந்து காய்கறி தரம் பிரித்தார்கள்.

இனி இந்த வீடியோவில் எனக்கு மிகப் பிடித்த இடம். தள்ளிவிடாதீர்கள்!

[திரையில்: ஏலச் சுத்தியல்]

அந்த நாட்டு உணவு வங்கிகளின் கூட்டமைப்பு, 'ஃபீடிங் அமெரிக்கா', பெரிய நிறுவனங்கள் கொடுக்கும் லாரி லோடுகளை நாடு முழுக்கப் பிரித்துத் தருகிறது. முன்பு வரிசைப்படி யார் முறையோ அவர்களுக்கு லோடு போகும். என்ன லோடு என்பது அதிர்ஷ்டம். உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஐடஹோ மாநிலத்துக்கே உருளைக்கிழங்கு லாரி. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போவது என்பார்களே, அதுதான்.

2005இல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிலர் இதற்கு ஒரு வழி செய்தார்கள்: ஏலம். ஆனால் டாலரில் இல்லை. வெளியே ஒரு மிட்டாய்கூட வாங்க முடியாத, 'ஷேர்' என்ற கற்பனைப் பணத்தில். எந்தப் பகுதியில் ஏழைகள் அதிகமோ அங்கே ஷேரும் அதிகம். நாளுக்கு இரண்டு ஏலம். நீங்கள் செலவழித்த ஷேர் அன்றிரவே எல்லோருக்கும் பிரிந்துபோகும். ஆகவே செலவான ஷேர் முடங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். தானியச் சிற்றுண்டிக்கும் வேர்க்கடலை வெண்ணெய்க்கும் அடிதடி. எளிதில் கிடைக்கும் காய்கறிக்கு அடிமாட்டு விலை. சில சரக்குக்கு விலை பூஜ்யத்துக்கும் கீழே போகும். அதாவது, 'தயவுசெய்து எடுத்துப்போங்கள், உங்களுக்கு ஷேர் தருகிறோம்'. உண்மைப் பணத்தில் நடக்கும் சந்தை இந்த நேர்மையோடு நடந்து நான் பார்த்ததில்லை.

கிராமத்துக்கு இதில் என்ன? முழு லாரி லோடைச் சின்ன வங்கி என்ன செய்யும்? வைக்க இடமில்லை, தின்ன ஆளில்லை. அதனால் சின்ன வங்கிகள் சேர்ந்து ஒரே லோடுக்கு ஏலம் கேட்கலாம், ஷேரைக் கடனாகவும் வாங்கலாம். கூட்டாகக் கேட்கலாம் என்ற அந்த ஒரு விதிக்காகவே வகுத்தவர்களுக்கு ஒரு சலாம்.

2020 மே மாதம் அமெரிக்க அரசு உழவர்களிடம் வாங்கிய காய்கறி, பால், இறைச்சியைக் குடும்ப அளவுப் பெட்டிகளாக அனுப்பத் தொடங்கியது. நல்ல திட்டம்தான். ஆனால் பெட்டியைக் குளிரில் வைப்பதும், கடைசி வீடுவரை வண்டியில் கொண்டுபோவதும் யார் செலவு? பல இடங்களில் அது உள்ளூர் அமைப்பின் தலையில் விழுந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவேண்டுமே!

எட்டவைத்த விதத்தைப் பாருங்கள்.

[திரையில்: திறந்த டிக்கி]

வாகன நிறுத்துமிடம்தான் மையம். ஓட்டுநர் இறங்க வேண்டாம், கண்ணாடியையும் இறக்க வேண்டாம். எத்தனை குடும்பங்களுக்கு என்பதைத் தாளில் எழுதி முன்கண்ணாடியில் ஒட்டினால் போதும். டிக்கியைத் திறந்துவிட்டால் தன்னார்வலர் பெட்டியை வைத்து, மூடி, இரண்டு தட்டுத் தட்டுவார். கார் நகரும். கையெழுத்து வாங்கும் விதியும் தளர்ந்தது. கார் இல்லாதவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப்போகலாம். பள்ளி மூடியிருந்தாலும் பள்ளி பஸ் ஓடியது: பிள்ளைகளுக்குப் பதில் மதிய உணவை ஏற்றிக்கொண்டு, அதே தடத்தில், அதே நிறுத்தங்களில். ஒவ்வொரு பிள்ளையின் வீடும் அந்த ஓட்டுநருக்கு ஏற்கெனவே தெரியும். இதைவிடச் சிறந்த வரைபடம் எந்த நிறுவனத்திடம் இருக்கிறது, சொல்லுங்கள்!

ஒன்று மட்டும் தீரவில்லை: வெட்கம். நகரத்து வரிசையில் நீங்கள் யாரோ. கிராமத்தில் உங்கள் காரின் நிறம்கூட ஊருக்குத் தெரியும். பெட்டி வைப்பவர் உங்கள் பிள்ளையின் ஆசிரியராக இருக்கலாம். அதனால்தான் வீட்டுவாசலில் வைத்துவிட்டுப் போகும் முறையை நான் பெரிதாக மதிக்கிறேன். செலவு கூடத்தான் செய்யும், கூடட்டும்.

உணவு வங்கிக்கு உதவ நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: வீட்டில் காலாவதியாகப் போகும் டப்பாவைவிடப் பணம் மேல். மொத்த விலையில் வாங்க அவர்களுக்குத் தெரியும். நீங்கள் எங்காவது பெட்டி அடுக்கியவரா? வண்டித் தடத்தை எப்படிப் பிரித்தீர்கள் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஏலக் கதை பிடித்திருந்தால் சேனலுக்குச் சந்தா செலுத்துங்கள். ஷேரில் அல்ல, பொத்தானில்.