தர்ம ஏலத்தில் விழும் காசு யார் கைக்குப் போகிறது?

சரி, அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்கிறார்: "ஓவியத்தைக் கோடிக்கணக்கில் ஏலம் விட்டு, நல்ல காரியத்துக்குக் கொடுத்தோம் என்கிறார்கள். காசு முழுசாகப் போய்ச் சேருகிறதா? இல்லை, பணக்காரர்கள் வரியை மிச்சம் பிடிக்கிற வேலையா?"

ஒரு படத்தை வைத்தே பார்த்துவிடலாம். 2020 மே, கொரோனா நேரம். முகம் காட்டாத ஓவியர் பாங்க்ஸி, இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பொது மருத்துவமனைக்கு ஒரு படம் கொடுத்தார். ஒரு சின்னப் பையன் பொம்மை வைத்து விளையாடுகிறான். பேட்மேனும் ஸ்பைடர்மேனும் கூடையில் கிடக்கிறார்கள். அவன் கையில் பறப்பது நர்ஸ் பொம்மை. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, நர்ஸ் உடுப்பில் இருக்கிற சிலுவை மட்டும் சிவப்பு.

அடுத்த வருடம் மார்ச் 23 அன்று லண்டனில் கிறிஸ்டீஸ் என்ற ஏல நிறுவனத்தில் அந்தப் படம் ஏலத்துக்கு வந்தது. 25 முதல் 35 லட்சம் பவுண்டு போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 'மூன்று தரம்' என்று சுத்தியல் விழுந்தபோது 1 கோடியே 44 லட்சம். ஆனால் வாங்கியவர் கட்டியது சுமார் 1 கோடியே 67 லட்சம். நடுவில் இருக்கிற அந்த 23 லட்சத்துச் சொச்சம் ஏல நிறுவனத்தின் கமிஷன். செய்தியில் பெரும்பாலும் பெரிய தொகையைத்தான் போடுவார்கள். தர்மத்துக்குப் போவது சுத்தியல் விலை. இந்தப் படத்துக்குக் கமிஷனிலும் கணிசமான பங்கைத் தருவதாக கிறிஸ்டீஸ் அறிவித்தது. எல்லா ஏலத்திலும் அப்படி எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் வரி. இது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவை மட்டும் சொல்கிறேன். 5,000 டாலர் பெறுமான படத்தைத் தர்ம ஏலத்தில் 8,000-க்கு எடுத்தால், கூடுதலாகக் கொடுத்த 3,000-ஐத்தான் நன்கொடை என்று காட்டலாம். ஆகவே நேயர் நினைக்கிற அளவுக்கு வாங்குபவருக்கு லாபம் இல்லை.

உண்மையில் அடி வாங்குவது ஓவியர்தான். அமெரிக்காவில் 1969 வரிச் சட்டத்துக்குப் பிறகு, தான் வரைந்ததைத் தானே தானம் செய்கிற ஓவியர் கான்வாஸ், பெயின்ட் வாங்கிய செலவை மட்டுமே வரிக்குரிய வருமானத்தில் கழிக்க முடியும். உழைப்புக்குச் சைபர்! அதே படத்தைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர் ஒரு மியூசியத்துக்குக் கொடுத்தால், பெரும்பாலும் அன்றைய சந்தை விலையையே கழித்துக்கொள்ளலாம். எனக்கு இதில் நியாயமே தெரியவில்லை.

2008 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் சோத்பீஸ் என்ற ஏல நிறுவனத்தில், ஆப்பிரிக்காவின் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக நடந்த 'ரெட்' ஏலம் 4 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. பணக்கார பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் எச்ஐவி மாத்திரைகளை அடுக்கிச் செய்த அலமாரி மட்டும் 71 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஹர்ஸ்டுக்குக் கட்டுப்படியாகும். வாடகை கட்டவே திணறுகிற இளம் ஓவியரிடமும் இதே மாதிரி படம் கேட்டு வருகிறார்கள். கொடுத்த படம் மலிவாகப் போய்விட்டால், நாளைக்கு அவர் படத்தை வாங்க வருகிறவர் அந்த விலையைத்தான் சொல்லிக் காட்டுவார்.

அந்த சவுத்தாம்ப்டன் மருத்துவமனை பாங்க்ஸி கொடுத்த படத்தை இழந்துவிட்டதா என்றும் அதே நேயர் கேட்டிருக்கிறார். அங்கே ஒரு நகல் இருக்கிறது.