தூர் மலைக்கு நாமும் போவோம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, மாடிக்கூடத்தைத் திறந்துவிட்ட நூலகர் அவர்களே, கடைசி வரிசைவரை அமர்ந்திருக்கும் பெரியோரே, வணக்கம்.

"அப்பன் வெட்டின கிணறு என்று உப்புத் தண்ணீரைக் குடிப்பதா?" என்பது பழமொழி. உருதுக் கவிஞர்கள் மீர், காலிப், ஹாலி மூவருமே இதைத் தத்தம் வழியில் கேட்டவர்கள். மூவரைப் பற்றியும் பேசுவதாக எண்ணம்.

காலிபில் தொடங்குகிறேன். அக்பர் காலத்து வரி, படை, சமையல்கட்டு வரை பதிவுசெய்த 'ஆயினே அக்பரி'யை 1855 வாக்கில் அறிஞர் சையது அகமது கான் பதிப்பித்தார். பெரிய உழைப்பு. அணிந்துரை வேண்டும் என்று டெல்லியில் காலிபிடம் கேட்டார். புகழுரை வரும் என்றுதானே எவரும் நினைப்பார்? காலிப் பாரசீகத்தில் ஒரு பாட்டே எழுதிக் கொடுத்தார். (உருதுக் கூட்டத்தில் பாரசீகத்தைக் கொண்டுவந்ததற்குப் பொறுத்தருள்க.) ஆங்கிலேயர் நீராவியால் கப்பல் ஓட்டுகிறார்கள், சொற்களைப் பறவைபோலப் பறக்க விடுகிறார்கள், லண்டன் விளக்கில்லாமலே ஒளிர்கிறது, செத்ததைப் பேணுவது நல்ல வேலையா? இதுதான் பாட்டின் சாரம். 1828இல் கல்கத்தா போய்க் கம்பெனி ஆட்சியின் புதுமைகளைக் கண்டுவந்தவர் அல்லவா! சையது அகமது அதை நூலில் சேர்க்கவில்லை. யார்தான் சேர்ப்பார்? அதே மனிதர் 1864இல் காசிப்பூரில் அறிவியல் சங்கம் தொடங்கி, மேலைநூல்களை உருதுவுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பாட்டுதான் காரணம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் உப்புத் தண்ணீர் அவருக்கும் கரித்திருக்கிறது.

உருதுவில் காலிபின் ஒரு ஷேர், அதாவது ஈரடிப் பாட்டு: எல்லாருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கவேண்டுமா? வாருங்கள், நாமும் தூர் மலைக்குப் போய்வருவோம். இறைவனைக் காண வேண்டிய மூசா நபிக்கு, "உம்மால் என்னைக் காண முடியாது" என்று பதில் வந்த மலை அது. முஷாயிரா என்னும் கவியரங்கில் முதல் மிஸ்ராவை, அதாவது முதல் அடியை, இரண்டு மூன்று முறை சொல்லிக் கூட்டத்தைக் காக்கவைப்பார்கள். இரண்டாவதில்தான் முடிச்சு அவிழும். ஒரு எச்சரிக்கை: பல ஷேர்கள் கோத்த கஸல் என்னும் பாவகையில் ஒவ்வொரு ஷேரும் தனித்தனி. ஒன்றில் ஐயம் பேசியவர் அடுத்ததில் பக்தி பேசலாம். ஒரே ஷேரைப் பிடித்துக்கொண்டு காலிபை நாத்திகர் என்பதும் சூஃபி என்பதும் இங்கேதான் சறுக்குகின்றன.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மீரும் ஹாலியும் அடுத்த கூட்டத்துக்கு.

என் கோரிக்கை ஒன்றே: இந்த நூலகத்தில் மாலைநேர உருது எழுத்து வகுப்பு. வாணியம்பாடி, ஆம்பூர் வீடுகளில் பேசப்படும் மொழி இது. எழுத்து எல்லார்க்கும் பொது. ஸபர், ஸேர், பேஷ் என்னும் குறில் உயிரொலிக் குறிகளை அச்சில் பெரும்பாலும் போடுவதில்லை. அதனால் புதியவர் தடுமாறுவார். காதால் கேட்டு மனப்பாடமான ஷேரிலிருந்து தொடங்கினால் அந்தச் சிக்கல் பாதி தீரும். வாரம் இரண்டு மணி நேரம் போதும். வாசலில் நோட்டு இருக்கிறது. பெயரெழுதிவிட்டுத் தேநீருக்குப் போங்கள்.