உள்நோக்கம் என்ற பூட்டு

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

மத நிந்தனைச் சட்டம் என்றதும் பாகிஸ்தானைக் கைகாட்டிவிட்டு நாம் நல்ல பிள்ளைகளாகிவிடுகிறோம். அந்தச் சட்டத்தின் வேர் இரண்டு நாட்டுக்கும் பொது. 1927இல் வைத்தது. காரணமாக இருந்த ஊர் லாகூர்.

அங்கே ராஜ்பால் என்றொரு பதிப்பாளர். நபிகள் நாயகத்தின் இல்லற வாழ்வைக் கேலி செய்யும் சிறு நூலை வெளியிட்டார். கீழ்க் கோர்ட் தண்டித்தது. லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதி தலீப் சிங் விடுதலை செய்தார். நூலை அவர் பாராட்டவில்லை, கடிந்துதான் பேசினார். மறைந்த மதத் தலைவரை இழிவுபடுத்துவதைத் தண்டிக்க, பிரிவினரிடையே பகை மூட்டுவதைத் தண்டிக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவில் இடமில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஊர் கொந்தளித்தது. அந்த ஓட்டையை அடைக்க வெள்ளைக்கார அரசு அதே சட்டத்தில் கொண்டுவந்ததுதான், மத அவமதிப்பைக் குற்றமாக்கும் 295ஏ பிரிவு.

மசோதா விவாதத்தில் ஜின்னா சொன்னதைக் கவனியுங்கள். வரலாறு எழுதுபவரும், உண்மையைத் தேடுபவரும், மதத்தை நேர்மையாக விமர்சிப்பவரும் பாதுகாக்கப்பட வேண்டும் என்றார். பிரிவின் வாசகமும் அதற்கு இடம் வைத்தது: வேண்டுமென்றே, தீய உள்நோக்கத்தோடு அவமதித்திருந்தால்தான் குற்றம். கேட்டவருக்கு மனம் நொந்தது என்பது மட்டும் போதாது. பேசியவரின் நெஞ்சில் என்ன இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். இந்தப் பூட்டுதான் நான் இன்று பேச வந்த விஷயம்.

சட்டம் வந்ததால் கத்தி ஓய்ந்ததா? இல்லை. 1929 ஏப்ரலில் ராஜ்பாலை இல்முதீன் என்ற இளைஞர் குத்திக் கொன்றார். மேல்முறையீட்டில் அவருக்காக வாதாடியவர் அதே ஜின்னா. தோற்றார். அக்டோபர் 31 அன்று தூக்கு.

பிரிவினையின்போது இரண்டு நாட்டாருமே அந்த 295ஏ-யைச் சுமந்துகொண்டு போனோம். ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில் பாகிஸ்தான் அடுக்கடுக்காகப் புதிய பிரிவுகளைச் சேர்த்தது. 1986இல் வந்த 295சி, நபியை நேரடியாகவோ மறைமுகமாகவோ, சாடையாகவோ இழிவுபடுத்தினால் மரணம் அல்லது ஆயுள் என்றது. 1990இல் கூட்டாட்சி ஷரீயத் நீதிமன்றம் ஆயுள் தண்டனையை எடுத்துவிட்டு மரணத்தை மட்டும் வைக்கச் சொன்னது. 295ஏ-யில் இருந்த உள்நோக்கம் பற்றிய சொற்கள் 295சி-யில் இல்லை. பூட்டைக் கழற்றிவிட்டார்கள்.

கழற்றினால் என்ன ஆகும்? 2009 ஜூன் மாதம், பாகிஸ்தான் பஞ்சாபில் இத்தன்வாலி கிராமம். ஃபால்சாப் பழத் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறிக்கிறார்கள். நல்ல வெயில். ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண் தண்ணீர் மொண்டு வந்து கொடுக்கிறார். உன் கையால் குடிக்க மாட்டோம் என்கிறார்கள் கூட வேலை செய்த பெண்கள். (தண்ணீர்க் குவளைத் தீட்டு நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.) வாய்த்தகராறு. அது மத நிந்தனைப் புகாராக மாறி, ஐந்து நாள் கழித்து எஃப்.ஐ.ஆர். ஆகிறது. புகார் கொடுத்தவர் ஊர் மதகுரு. அவர் தோட்டத்தில் இருந்தவரே அல்ல. 2010இல் மரண தண்டனை. 2018 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்ட கூட்டம் எங்கே நடந்தது, எத்தனை பேர் இருந்தார்கள் என்பதிலேயே சாட்சிகள் ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்க எட்டு வருடத்துக்கு மேல்!

இடையில் அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தஸீரை, 2011 ஜனவரியில் அவருடைய மெய்க்காவலரே சுட்டுக் கொன்றார். கொலையாளி கோர்ட்டுக்கு வந்தபோது வக்கீல்கள் ரோஜா இதழ் தூவினார்கள். இரண்டு மாதத்தில், அந்தச் சட்டத்தை எதிர்த்த அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் சுட்டுக் கொல்லப்பட்டார். 295சி-யில் அரசு இதுவரை ஒருவரையும் தூக்கிலிட்டதில்லை. அந்த வேலையைத் தெரு செய்கிறது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். 1953இல் திருச்சி டவுன் ஹால் மைதானத்தில் பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1958இல் நீதிபதிகள் கீழ்க் கோர்ட்டுகளின் விளக்கத்தைக் கண்டித்தார்கள். பூஜை நடக்காத பொம்மையானாலும் ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதினால் சட்டம் காக்கும் என்றார்கள். ஆனாலும் காலம் கடந்துவிட்டது என்று வழக்கை மறுபடி கிளறவில்லை. பெரியார் அந்த வழக்குக்காகச் சிறைக்குப் போகவில்லை.

இன்று அதே நிதானம் இருக்கிறதா? 2022 ஜூனில் பத்திரிகையாளர் முகமது ஜுபைர், ஒரு ட்வீட்டால் மத உணர்வைப் புண்படுத்தினார் என்று கைதானார். அந்த ட்வீட் போட்டது 2018இல். நான்கு வருடம் யாருக்கும் வலிக்கவில்லை! வழக்கு மேல் வழக்காகப் போட்டு, மூன்று வாரத்துக்கு மேல் உள்ளே இருந்த பிறகு உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்தது.

நம் சட்டத்தில் பூட்டு இருக்கிறது. ஆனால் கைது முடிந்து பல காலம் கழித்துத்தான் சாவியைத் தேடுகிறார்கள். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 295ஏ இன்று 299. கோர்ட் வழக்கை ஏற்க அரசின் முன் அனுமதி வேண்டும்; போலீஸ் கைது செய்வதற்கு அந்த அனுமதி தேவையில்லை. எல்லாக் கோளாறும் இந்த இடைவெளியில்தான்.

அப்படியானால் யாரும் எதையும் பேசலாமா என்று முன்வரிசையில் ஒருவர் முகத்தைச் சுளிக்கிறார். ஐயா, ஒரு கூட்டத்தை அடி, கொளுத்து என்று ஏவுகிறவனைப் பிடிக்க வேறு பிரிவுகள் இருக்கின்றன; அவற்றில் பிடியுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். 299ஐ முழுதாக எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. அது இன்று நடக்காது என்றும் தெரியும். ஆகவே இப்போதைக்கு ஒன்று கேட்கிறேன்: வழக்கை ஏற்பதற்கு முன் கேட்கிற அந்த அனுமதியை, கைது செய்வதற்கு முன் கேளுங்கள்.