தாளில் தொடங்கும் மியூசிக் வீடியோ

[திரையில்: ஒரு வெள்ளைத் தாள். பின்னணியில் பாட்டு மெல்ல ஓடுகிறது. ஒரு கை பென்சிலால் குறுக்குக் கோடுகள் போடுகிறது.]

வணக்கம். மீடியா பாடத்தின் செய்முறைக்காக மியூசிக் வீடியோ எடுக்கப் போகிறவர்களுக்கு இது. கேமரா, லென்ஸ் பேச்செல்லாம் அப்புறம். முதலில் இந்தத் தாளைப் பாருங்கள்.

ஒரு மாணவர் குழுவுக்கு எடிட்டிங்கில் உதவப் போனேன். எடுத்து வந்த காட்சிகள் அவ்வளவு அழகு. மொட்டை மாடி, சாயங்கால வெளிச்சம், பாடும் பெண்ணின் முகம், எல்லாமே நன்றாக வந்திருந்தது. பாட்டை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில், அதாவது ஒலியையும் காட்சியையும் நேர வரிசையில் அடுக்கும் பட்டையில், போட்டு ஷாட்களை அடுக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, இரண்டாவது சரணத்துக்கு எதுவுமே இல்லை. இரண்டு நாள் வெயிலில் நின்று உழைத்த பிள்ளைகள். பாட்டின் எந்த இடத்துக்கு எந்தக் காட்சி என்று எழுதி வைக்காததால், எடுத்ததெல்லாம் பல்லவிக்கும் முதல் சரணத்துக்குமே போய்விட்டது. மீதி இடத்தில் பழைய ஷாட்களையே திரும்பத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் தாளில் தொடங்குகிறேன்.

ஆனால் தாளுக்கும் முன்னால் பாட்டு வேண்டும். பிடித்த பாட்டை உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பாட்டில் இரண்டு வகை உரிமைகள் இருக்கின்றன: மெட்டுக்கும் வரிக்கும் ஒன்று, பதிவு செய்த ஒலிக்கு இன்னொன்று. இரண்டும் வேறு வேறு ஆட்களிடம் இருக்கலாம். வகுப்புக்குள் காட்டுவதற்கும் இணையத்தில் ஏற்றுவதற்கும் விதிகள் வேறுபடும், அதை ஆசிரியரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்த நல்ல வழி, தானே எழுதித் தானே பாடிப் பதிவு செய்த ஒருவரைத் தேடிப்பிடித்து, இரண்டு வரியில் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்குவது. கிரியேட்டிவ் காமன்ஸ் பாட்டு, அதாவது சில நிபந்தனைகளோடு எல்லோரும் பயன்படுத்த உரியவரே அனுமதித்த பாட்டு, எடுத்தாலும் உரிம வரியைப் படியுங்கள். அதில் 'என்டி' என்று இருந்தால், மாற்றிய வடிவத்தைப் பகிரக்கூடாது என்று பொருள். பாட்டைப் படத்தோடு நேரம் பொருத்திச் சேர்ப்பதையும் அந்த உரிமம் மாற்றமாகவே கணக்கில் எடுக்கிறது. பலர் இங்கேதான் தெரியாமல் தவறுகிறார்கள்.

[திரையில்: தாள் அருகில். இடது ஓரத்தில் வினாடிகள், நடுவில் பாட்டின் வரிகள், வலது பக்கம் காலி.]

சரி, இப்போது தாள். நம் பாட்டு 3 நிமிடம் 12 வினாடி என்று வைத்துக்கொள்வோம். வேகம், நிமிடத்துக்கு 100 தாளத் தட்டு. அதாவது ஒரு தட்டு 0.6 வினாடி. நான்கு தட்டு சேர்ந்த ஒரு சுற்று 2.4 வினாடி. மொத்தப் பாட்டும் சரியாக 80 சுற்று. தாளில் 80 கோடு போடுங்கள். முகப்பு இசை எங்கே முடிகிறது, பல்லவி எத்தனை தடவை வருகிறது, இடையிசையில் எந்த வாத்தியம் தனியாக எழுகிறது, எங்கே சட்டென்று எல்லாம் அடங்கி குரல் மட்டும் நிற்கிறது, எல்லாவற்றையும் அந்தந்தக் கோட்டுக்கு எதிரே எழுதுங்கள். கண்ணை மூடி பத்துத் தடவையாவது கேட்டால்தான் இது எழுத வரும். சுற்றுக்கு ஒரு ஷாட் மாற்றினாலே 80 ஷாட் வேண்டும். அந்த எண்ணைத் தாளில் பார்த்த பிறகு, இரண்டு ஷாட் எடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்ப யாருக்கும் மனம் வராது.

இனி வலது பக்கக் காலியிடத்தை நிரப்ப வேண்டும். பாடுவதைக் காட்டுவதா, கதை சொல்வதா, இரண்டையும் கலப்பதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதன் பிறகு வரிக்கும் காட்சிக்கும் என்ன உறவு என்ற கேள்வி. மதிப்பீட்டுக் கட்டுரையில் உங்களுக்குக் கைகொடுக்கப் போகும் பெயர், மியூசிக் வீடியோக்களை ஆராய்ந்து எழுதிய ஆண்ட்ரூ குட்வின். காட்சி மூன்று விதமாகப் பாட்டோடு பழகும் என்று 1992-ல் அவர் எழுதினார்: வரி சொல்வதை அப்படியே காட்டலாம், அதற்குப் புதுப் பொருள் சேர்க்கலாம், சம்பந்தமே இல்லாமல் விலகியும் போகலாம். வரியில் மழை வருகிறது என்று வையுங்கள். மழையையே காட்டினால் முதல் வகை. யாரோ ஒருவர் கொடியில் காயும் துணியை ஓடிப்போய் எடுக்கிறார், அதில் ஒரு சட்டை மட்டும் அந்த வீட்டில் இப்போது இல்லாதவருடையது என்றால், அது இரண்டாவது. எனக்கு இந்த இரண்டாவதுதான் பிடிக்கும். செலவே இல்லாமல் பாட்டை ஆழமாக்குகிறது. பாட்டு முழுவதும் ஒரே வகையில் இருக்க வேண்டும் என்பதில்லை. எந்த வரியில் எதை, ஏன் செய்தீர்கள் என்று தாளிலேயே குறித்து வைத்தால் கட்டுரையில் பாதி அங்கேயே எழுதி முடிந்திருக்கும்.

அடுத்து ஸ்டோரிபோர்டு, அதாவது ஒவ்வொரு ஷாட்டையும் வரிசையாக வரைந்து வைப்பது. அதற்கு ஓவியத் திறமை தேவையில்லை, குச்சி உருவம் போதும். அந்தப் படங்களைப் போனில் பிடித்து, எடிட்டிங் மென்பொருளில் பாட்டின் மேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். எந்த இடம் இழுக்கிறது, எங்கே காட்சி போதவில்லை என்பது படப்பிடிப்புக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

[திரையில்: பாடகியின் முகம், மிக அருகில். மூச்சு இழுக்கிறார். அடுத்த நொடி பாட்டு தொடங்குகிறது.]

இந்த மூச்சைக் கவனித்தீர்களா? உதட்டை மட்டும் அசைத்தால் இது வராது. ஸ்பீக்கரில் பாட்டு ஓடும்போது, பாடுபவர் உண்மையாகவே சத்தமாகப் பாட வேண்டும். க்ளோஸ் அப்பில் தொண்டை அசைவதும் கழுத்து நரம்பு இறுகுவதும் தெரியும். வரி தொடங்கும் முன் மூச்சு வாங்குவது தெரியாவிட்டால், எவ்வளவு கச்சிதமாக உதடு பொருந்தினாலும் பார்ப்பவருக்குப் பொய்யாகவே படும். கூச்சப்படுபவராக இருந்தால் குழுவில் எல்லோரும் கூடவே பாடுங்கள். கேமராவில் பதிவாகும் ஒலி எப்படியும் படத்தில் வரப்போவதில்லை.

வரப்போவதில்லை என்பதற்காகக் கேமராவின் மைக்கை அணைத்துவிடாதீர்கள். அந்தக் கரகரப்பான ஒலியை வைத்துத்தான் எடிட்டிங்கில் பாட்டோடு பொருத்தப் போகிறீர்கள். ஸ்பீக்கரைப் பாடுபவருக்கும் கேமராவுக்கும் பக்கத்திலேயே வையுங்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். வினாடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 தனிப் படங்கள், எடுக்கும்போது ஒரு ஃப்ரேம் நேரத்தில் அது கடப்பது 14 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. பெரிய மைதானத்தில் ஸ்பீக்கர் ஒரு மூலை, பாடகி இன்னொரு மூலை, கேமரா எங்கோ தள்ளி என்றால் உதடு பாட்டோடு பொருந்தாமல் நழுவத் தொடங்கிவிடும். ஷூட்டிங்கில் ஓடும் பாட்டும் டைம்லைனில் இருக்கும் பாட்டும் ஒரே கோப்பாக இருக்கட்டும். இணையத்தில் கிடைத்த வேறொரு பதிப்பை ஓட்டிப் படமெடுத்துவிட்டு, பாதிப் பாட்டுக்கு மேல் பொருந்தவில்லை என்று தவிப்பது அடிக்கடி நடக்கிறது.

முதலில் எடுக்க வேண்டியது, பாட்டின் தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் ஒரு வைட் ஷாட், அதாவது ஆளும் இடமும் முழுதாகத் தெரியும் காட்சி. தப்பு நடந்தாலும் கட் சொல்லாதீர்கள். அடுத்து அதே முழுப் பாட்டையும் இடுப்புக்கு மேல் தெரியும் மிட் ஷாட்டில் ஒரு தடவை, க்ளோஸ் அப்பில் ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை. இந்த நான்கும் கையில் இருந்தால், கதைக் காட்சிகளில் பாதி சொதப்பினாலும் தாளில் எந்தக் கோடும் காலியாக இருக்காது.

போனில் எடுப்பவர்கள் ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டு எடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு அசைவுக்கும் முகம் வெளுத்துக் கறுக்கும். பல போன்கள் ஃப்ரேம் வேகத்தைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். அதனால்தான் தொடக்கத்தில் பொருந்திய உதடு கடைசியில் விலகுகிறது. வேகத்தை நிலையாக வைக்கும் கேமரா ஆப்பில் எடுங்கள். உங்கள் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரத்தை, வினாடியில் 50-ல் ஒரு பங்காகவும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 60-ல் ஒரு பங்காகவும் வையுங்கள். விளக்கு மினுக்குவது பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும்.

ஒரு அழகான வித்தையும் உண்டு. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, வினாடிக்கு 50 ஃப்ரேமில் எடுங்கள். எடிட்டிங்கில் அதை 25-க்கு மெதுவாக்கினால் உதடு பாட்டோடு சரியாகப் பொருந்தும், தலைமுடியும் துணியும் மட்டும் மிதக்கும். பாடுபவர் அந்த வேகத்துக்கு முதல் நாளே பழகியிருக்க வேண்டும். பாட்டு முழுக்கப் போடாமல், குரல் தனியாக நிற்கும் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால் மனதில் தங்கும்.

[திரையில்: டைம்லைன். ஒலி அலையின் முகடுகளில் குறிகள்.]

எடிட்டிங். மெமரி கார்டில் உள்ளதை இரண்டு இடத்தில் நகல் எடுத்த பிறகே எதையும் அழியுங்கள். முழுப் பாட்டுக்கும் எடுத்த அந்த நான்கு டேக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாட்டோடு பொருத்துங்கள். 25 ஃப்ரேமில் நம் பாட்டின் ஒரு தட்டு சரியாக 15 ஃப்ரேம், அதனால் குறி வைப்பது சுலபம். ஆனால் ஒவ்வொரு தட்டிலும் வெட்டினால் மூன்றாவது சுற்றிலேயே கண் சலித்துவிடும். சரணத்தில் ஷாட்டை நிற்க விடுங்கள், பல்லவியில் வேகம் கூட்டுங்கள். தலை திரும்பும்போதோ கை எழும்போதோ, தட்டுக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னால் வெட்டிப் பாருங்கள். அந்தத் தட்டு விழும்போது புதுப் படம் ஏற்கெனவே கண்ணில் இருக்கும். நிறம் திருத்துவதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் வெட்டு முடிந்ததும், இந்த வேலையில் சேராத மூன்று பேரைத் தனித்தனியாக உட்கார வைத்துக் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். எந்த இடத்தில் கவனம் வேறு பக்கம் போனது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் நேரத்தைத் தாளில் அந்தக் கோட்டுக்கு எதிரே வேறு நிற மையில் எழுதுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதி, அந்தத் தாளை அப்படியே, அடித்தல் திருத்தலோடு, கோப்பில் வைத்துக் கொடுங்கள்.

[திரையில்: அதே தாள். 80 கோடுகளும் நிரம்பியிருக்கின்றன. ஓரத்தில் சிவப்பு மையில் மூன்று நேரங்கள். பாட்டின் கடைசிச் சுற்று ஒலித்து நிற்கிறது.]