உப்பும் புரதமும் சிறுநீரகமும்

அவைத்தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்துப் பெரியோர்களே, இந்த வெயிலில் மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மதுரைச் சித்திரையில் பொன்னாடை போர்த்தி என்னை வியர்க்கவைத்த செயலாளர் அவர்களே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: இரத்தத்துப் புரதம், ஊறுகாய், வலி மாத்திரை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். குடித்த பிறகு? சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே விடுகிறது. மீதியை மீட்பதில் கல்லீரல் செய்து அனுப்பும் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் பங்குண்டு. நீர் வடிந்தபின் எஞ்சிய இரத்தத்தில் அது செறிவாகிறது. வடிந்த நீர் ஓடும் சிறுநீரக நுண்குழல்களிலிருந்து உப்பையும் நீரையும் இரத்தத்துக்குத் திரும்ப இழுக்கிறது. நரம்பில் உப்புநீர் ஏற்றிப் புரதத்தை நீர்க்கச் செய்தால் அந்த இழுப்பு தளர்ந்து, சிறுநீரில் உப்பு கூடுதலாக இறங்கும்.

அப்படியானால் புரதம் குறைந்தவர் உடம்பில் உப்பே தங்கக் கூடாதே? நோயில் நடப்பது நேர்மாறு. வடிகட்டி பழுதாகிப் புரதம் கசியும்போது, நுண்குழலின் கடைக்கோடி உப்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது.

உசிலம்பட்டிப் பக்கம் எனக்கு ஒரு சித்தப்பா. கோயில் கும்பிடுக்கு வந்த சொந்தபந்தமெல்லாம், "முகத்தில் என்ன களை! மகன் சம்பாத்தியம் பேசுகிறது" என்றார்கள். அவரும் மீசையை முறுக்கிக்கொண்டார். செருப்பில் கால் நுழையவில்லை, பெரிதாக ஒன்று வாங்கினார். அதற்கும் ஊர் மெச்சியது. சித்திதான், "சிறுநீர் நுரைத்து நிற்கிறதே" என்று சந்தேகப்பட்டார். உடனே ஒரு பெரிய மனிதர், "சத்துக் குறைவு, தினம் ஆறு முட்டை" என்றார். முட்டைமேல் உப்பு, மிளகு வேறு! வீக்கம் தொடைக்கு ஏறியபின் சோதித்தால், டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 3.5 கிராமுக்குக் குறையக் கூடாத ஆல்புமின் இரண்டுக்கும் கீழே. புரதமெல்லாம் சிறுநீரில் போய்க்கொண்டிருந்தது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும். சித்தப்பா குடித்தது காலிலேயே தங்கிவிட்டது.

ஆகவேதான் போகும் மேடையிலெல்லாம் கேட்கிறேன். முகாம்களில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிறீர்கள், கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள். சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்துப் புரதம் பார்க்க என்ன தடை? நிறம் மாறுவதைப் பார்க்க ஒரு நிமிடம் போதுமே! சர்க்கரை, கொதிப்பு உள்ளவர்களுக்காவது கட்டாயமாக்குங்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஊறுகாயும் வலி மாத்திரையும் அடுத்த கூட்டத்துக்கு. சிறுநீர்ச் சோதனை கேட்கும் மனு புத்தக மேசையில் இருக்கிறது. ஊராட்சித் தலைவர் அம்மா முதல் கையெழுத்து இடுவார் என்று அவரைக் கேட்காமலே அறிவிக்கிறேன்.