மண்ணைத் தின்ன வைத்த ஆசை

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். மனிதனை வாழவைப்பது ஆசையா, ஆசையை விடுவதா என்பது தலைப்பு. நான் ஆசையின் பக்கம்.

எதிரணி அண்ணன் திருமூலரைத் துணைக்குக் கூட்டிவந்தார். 'ஈசனோடு ஆயினும் ஆசை அறுமின்கள்' என்று அவர் பாடியது உண்மை. பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனை மாதிரி, இராமன் கதையை 'ஆசை பற்றி அறையலுற்றேன்' என்று கம்பர் பாடியதும் உண்மை. அந்த ஆசையைக் கம்பர் அறுத்திருந்தால் நமக்கு அந்தக் காவியம் ஏது? சரி, அது கிடக்கட்டும். அண்ணன் போகிற போக்கில் ஒன்று சொன்னாரே, 'ஆசைப்பட்டவன் கடைசியில் மண்ணைத்தான் கவ்வுவான்' என்று. நீங்களும் கை தட்டினீர்கள். அதை விட்டுவிட்டு என்னால் மேலே போக முடியாது.

கவ்வுவதென்ன அண்ணே, தின்னவே தின்றார்கள். ஆசைப்பட்டு மண்ணைத் தின்றவர்களைத் தமிழ் கொண்டாடியிருக்கிறது. 'வயா என் கிளவி வேட்கைப் பெருக்கம்' என்கிறது தொல்காப்பியம். பெருகி நிற்கிற ஆசைக்கு வயா என்று பெயர். நம் வீடுகளில் மசக்கை என்கிறோமே, பிள்ளைத்தாய்ச்சிக்கு வரும் அந்த ஆசையும் வயாதான். புறநானூற்றின் 20-ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் புகழ்கிறார்: 'வயவுறு மகளிர் வேட்டுணின் அல்லது பகைவர் உண்ணா அருமண்ணினையே'. சேர மன்னா, உன் மண்ணை எந்தப் பகைவனாலும் உண்ண முடியாது. மசக்கைக்காரி ஆசைப்பட்டுத் தின்றால்தான் உண்டு! அரசனைப் புகழ வந்த புலவர், யானையையும் வேலையும் தள்ளி வைத்துவிட்டு ஒரு கர்ப்பிணியின் வாயைக் காட்டுகிறார்.

என் அம்மாவும் தின்றவர்தான்.

எங்கள் வீடு மண்சுவர் வீடு. சாரல் அடித்தால் அடுப்படியின் பின்சுவரில் ஒரு வாசம் கிளம்பும். அம்மா அப்போது முழுகாமல் இருந்தார், வயிற்றில் நான். யாருக்கும் தெரியாமல் நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வார். சுவரில் குழி விழுந்துவிட்டது. தாத்தா பார்த்தார். மருமகளிடம் நேரில் பேசாத மனிதர். செருமிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார். 'எலி வளை தோண்டுது' என்று பாட்டியிடம் சொல்லிவிட்டு, எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லைச் செருகி வைத்தார். காலையில் பார்த்தால் பொறி காலி. தேங்காயைக் காணோம். சுவரும் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கவனியுங்கள், பொறி வைத்தது எலிக்கு! மறுநாள் பெரிய சில்லாக வைத்தார். அதுவும் போச்சு. 'இது எலி இல்ல, பெருச்சாளி' என்றார் பாட்டி. அதற்கடுத்த நாள் தேங்காயும் போச்சு, பக்கத்துக் குழியில் கையே நுழைகிறது. 'பெருச்சாளியும் இல்ல, வேற என்னமோ' என்றார் பாட்டி. தாத்தா தடியும் பேட்டரி லைட்டுமாய் இருட்டில் உட்கார்ந்துவிட்டார். நடுராத்திரியில் கறக் கறக் என்று சத்தம். லைட்டை அடித்தார். ஒரு கையில் தேங்காய்ச் சில்லு, மறு கையில் சுவர் மண், எதிரே என் அம்மா!

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. செருமினார், போய்விட்டார். விடிந்ததும் மாங்காயும் முருங்கைக்கீரையும் துண்டில் கட்டிக்கொண்டு வந்து திண்ணையில் வைத்துவிட்டு, தூணைப் பார்த்துச் சொன்னார்: 'மண்ணு தின்னா வயித்துல பூச்சி வைக்கும். இதைத் திங்கச் சொல்லு. ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போ.' அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மண் தின்னும் ஆசைக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அம்மாவுக்கே தெரியாத குறையைக் காட்டிக்கொடுத்தது அந்த ஆசை.

அதற்கப்புறம் அம்மா எதற்கு ஆசைப்பட்டார்? தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனால் 'எனக்கெதுக்கு, பிள்ளைகளுக்கு எடுங்க' என்பார். கறிக்குழம்பு வைத்த நாளில் சட்டியை வழித்துப் போட்டுக்கொண்ட சோறுதான் அவர் பங்கு. நம் வீடுகளில் பெண்ணின் ஆசைக்குப் பத்து மாதம்தான் கெடு. அதுவும் வயிற்றுப் பிள்ளையின் பெயரில். 'உனக்கு வாய்க்கு என்னம்மா பிடிக்குது' என்று ஊரே கேட்கும். புளிசோறும் தயிர்சோறும் கட்டிக்கொண்டு சொந்தம் வரும். பிள்ளை பிறந்த அன்றே அந்தக் கேள்வி நின்றுவிடும்.

அண்ணே, ஆசையை விடு என்று இந்தப் பந்தலில் யாரிடம் சொல்கிறீர்கள்? வீட்டில் எல்லாருக்கும் சோறு போட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார்களே, இந்தத் தாய்மாரிடமா? இவர்களிடம் விடுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? நடுவர் அவர்களே, இவர்கள் கேட்கட்டும். ஒரு முழம் மல்லிகைப்பூ, ஒரு தடவை ராமேஸ்வரம், பாதியில் நிறுத்திய பத்தாம் வகுப்பு, எதுவானாலும் கேட்கட்டும். வயிற்றில் பிள்ளை இல்லாமலும் கேட்கட்டும். அதற்கு ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.