மூடிய கைக்குள் பத்துத் துண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

சாப்பாட்டுக் கிண்ணத்தை எடுத்தாலே நாய் மேலே தாவும். கதவைத் திறந்தால் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். "ஏய், சும்மா இரு" என்று ஒரு அதட்டல் போட்டால் அடங்கிவிடும், நாம் பக்கத்தில் இருக்கும்வரை. அடுத்த அறைக்குப் போய்த் திரும்புவதற்குள் மேசை மேல் இருந்தது காலியாகிவிடும். அதட்டலுக்குப் பயந்த நாய்க்கு, பொறுத்திருந்தால் தனக்கு என்ன லாபம் என்பது இன்னும் தெரியாது. அதைத் தெரியவைக்கும் சில விளையாட்டுகளைத்தான் இன்று சொல்லப்போகிறேன். ஆரம்பத்தில் இவற்றுக்குக் கட்டளையே வேண்டாம்.

முதலில் தீனி. நாய் தினமும் சாப்பிடும் உலர் உணவிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்துவையுங்கள். வேகவைத்த கோழி மாதிரி கூடுதலாக ஏதாவது கொடுத்தால், அது ஒரு நாள் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரிய நாயாக இருந்தாலும் துண்டு பட்டாணி அளவு போதும். மென்று முடிக்க நேரம் ஆகாது, அடுத்த முயற்சிக்கு உடனே தயாராகிவிடும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த பண்டங்கள் இவையெல்லாம் நாய்க்கு விஷம். பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

இனி விளையாட்டு. பத்துத் துண்டை உள்ளங்கையில் வைத்து மூடி, நாயின் மூக்கு உயரத்தில் பிடியுங்கள். மோந்து பார்க்கும், நக்கும், முன்காலால் பிறாண்டும். கை அசையக் கூடாது. பின்னால் இழுத்தீர்களானால் அது துரத்தும் விளையாட்டாகிவிடும். குட்டி நாயின் பால்பல் ஊசி மாதிரி இருக்கும்; தடித்த கையுறை போட்டுக்கொள்வதில் தப்பில்லை.

முயற்சியைக் கைவிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நாய் முன்பைவிட வேகமாக முட்டும், சில நேரம் குரைக்கும். பலரும் கையைத் திறந்துவிடுவது இந்த இடத்தில்தான். அப்படித் திறந்தால், பலமாக முட்டினால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். மறுநாள் முட்டலிலிருந்தே தொடங்கும். பொறுங்கள். ஒரு கணம் தலையைப் பின்னால் எடுக்கும். அந்தக் கணமே கையைத் திறக்க வேண்டும். நீங்கள் தாமதித்தால், அதற்குள் மூக்கு திரும்பி வந்திருக்கும், பரிசு முட்டலுக்குப் போய்ச் சேரும்.

திறந்ததும் நாய் பாயத்தான் செய்யும். கையை உயரத் தூக்காமல், இருந்த இடத்திலேயே மூடுங்கள். மூன்று நான்கு முறை இப்படி நடந்தபின், விரிந்த உள்ளங்கையைப் பார்த்தும் தயங்கி நிற்கும். இப்போது மற்றொரு கையால் ஒரு துண்டை எடுத்து, "எடு" என்று சொல்லி அதன் வாய்க்குக் கொண்டுபோங்கள். அதே உள்ளங்கையிலிருந்து தின்ன விட்டால், விரிந்த கையே அனுமதி என்றாகிவிடும். அனுமதி உங்கள் சொல்லில்தான் இருக்க வேண்டும். முதலில் ஒரு விநாடி பொறுத்தால் போதும். பிறகு இரண்டு, மூன்று, ஐந்து.

பத்துத் துண்டு அல்லது மூன்று நிமிடம், எது முதலில் முடிகிறதோ அதோடு நிறுத்துங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை ஆடலாம். பத்து முயற்சியில் எட்டு சரியாக வந்தால் கொஞ்சம் கடினமாக்குங்கள். ஐந்துக்குக் கீழே போனால் ஒரு படி இறங்குங்கள். நேரம், தூரம், சுற்றியிருக்கும் சலசலப்பு மூன்றையும் ஒன்றாக ஏற்றக் கூடாது. பசி உச்சத்தில் இருக்கும்போது தொடங்கினால் நாய்க்கு யோசிக்கவே வராது. பாதிச் சாப்பாடு கொடுத்தபின் ஆடிப் பாருங்கள்.

இதே கணக்குதான் கிண்ணத்துக்கும். கீழே இறக்குங்கள், நாய் எழுந்தால் கிண்ணமும் மேலே எழட்டும். முதல் நாளில் பதினைந்து இருபது முறைகூட ஏறி இறங்கலாம். தரையைத் தொட்டபின் இரண்டு மூன்று விநாடி பொறுத்தால் "எடு" சொல்லிவிடுங்கள். விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று எச்சில் ஒழுக ஒழுக ஐந்து நிமிடம் உட்கார வைப்பது வெறும் வேடிக்கை. அதில் நாய்க்குப் பாடம் எதுவும் இல்லை.

பொறுமையை மட்டும் பழக்கினால் நாய் சலித்துப்போகும். அதன் மூக்குக்கும் வேலை கொடுங்கள். பழைய துவாலை ஒன்றைத் தரையில் விரித்து, இருபது துண்டு தீனியைத் தூவி, தளர்வாகச் சுருட்டுங்கள். நாயைப் பொறுக்க வைத்து, "தேடு" என்று சொல்லி விடுங்கள். முதல் நாளே இறுக்கிச் சுருட்டி முடிச்சுப் போட்டால், ஒன்று விட்டுவிட்டுப் போய்விடும், இல்லை துணியைக் கிழிக்கும். துணியை விழுங்கும் பழக்கம் உள்ள நாய்க்கு இது வேண்டாம். தீனியைப் புல்தரையில் இறைத்துவிடுங்கள், அதுவே போதும். அட்டைப்பெட்டிக்குள் போட்டும் கொடுக்கலாம். பெட்டியில் உள்ள ஸ்டேப்ளர் பின், ஒட்டுநாடா எல்லாவற்றையும் முதலில் பிரித்தெடுத்துவிடுங்கள். பெட்டியைக் கிழித்தால் கிழிக்கட்டும், தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீனிக்குப் பக்கத்தில் ஆள் வந்தால் உடலை விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்து உறுமும் நாயோடு இவற்றை நீங்களாக ஆட வேண்டாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் நடத்தைப் பயிற்சியாளரிடம் அனுப்புவார். இரண்டு நாய் இருந்தால் தனித்தனி அறையில் ஆடுங்கள். சின்னக் குழந்தைகள் கையில் தீனியை மூடவைக்க வேண்டாம். "தேடு" விளையாட்டுக்குத் தீனியை ஒளித்து வைக்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள், நாயை வேறு அறையில் விட்டுவிட்டு.

கடைசியாகக் கதவு. நாயின் வாரைக் கையில் பிடித்துக்கொண்டு, நான்கு விரல் அகலம் மட்டும் திறங்கள். மூக்கை நுழைக்க வந்தால், மூக்கு மாட்டிக்கொள்ளாமல் மெல்லச் சாத்துங்கள். பின்வாங்கினால் திறங்கள். வீட்டுக்குள் பத்து விநாடி பொறுத்த நாய், வாசலில் ஒரு விநாடிகூட நிற்காது. புது இடத்தில் எல்லா நாயும் அப்படித்தான். மறந்துவிட்டது என்று நினைத்து அதட்டாதீர்கள். அங்கே மறுபடி ஒரு விநாடியிலிருந்து தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.